கப்பல் நின்ற நாளில் அம்பிட்டிய ஏற்றம்

அம்மா இறந்த சேதியைத் தங்கச்சியிடம் என் வாயால் சொல்ல வேண்டும். நான் கண்டிக்குப் போனது அதற்குத்தான். எங்கள் கப்பலில் வந்த துரைமார் சிலரும் அதே நாளில் கண்டிக்குப் போனார்கள். அவர்கள் ஏரி பார்க்கப் போனார்கள்.

நான் அப்போது சென்னைப் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் ஆயா. துரைசானிக்கு உடம்பு சரியில்லை. கைக்குழந்தையோடு சீமைக்குப் புறப்பட்டார். குழந்தை என் கையை விட்டால் அழும். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டார்.

தங்கச்சி பஞ்சத்தில் கண்டிக்குப் போனவள். ஊரில் கஞ்சிக்கும் வழியில்லாத வருஷம் ஒரு கங்காணி வந்து ஆள் சேர்த்தார். கண்டிச் சீமையில் காப்பித் தோட்டம், மூன்று வேளையும் சோறு என்றார். தங்கச்சியும் அவள் புருஷனும் அந்தக் கூட்டத்தோடு நடந்தார்கள். மன்னாருக்கும் மாத்தளைக்கும் நடுவில் உள்ள காட்டில் புருஷன் பேதி கண்டு போய்விட்டான். அவள் மட்டும் தோட்டம் போய்ச் சேர்ந்தாள். அவள் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. நான் வழியனுப்பவில்லை.

ஆறு வருஷம் ஆயிற்று. ஆடியில் அம்மா போய்விட்டாள். தலைமுழுகி எழுந்ததும் இவளுக்கு யார் சொல்வது என்றுதான் நினைத்தேன்.

கடுதாசி போடு என்றார்கள். காப்பிக்குப் போய்த் திரும்பிய ஊர்க்காரர் ஒருவர் வேண்டாம் என்றார். தோட்டத்துக்கு வரும் கடுதாசியைக் கணக்கப்பிள்ளை பிரட்டில் வைத்துத்தான் படிப்பாராம். பிரட்டு என்பது விடியும் முன்னால் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. எல்லார் முன்னாலும் வெறும் வயிற்றில் அவள் அதைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு மலையில் வேலைக்கு இறங்க வேண்டும்.

எங்கள் பக்கம் இழவுச் சேதியை அப்படிச் சொல்வதில்லை. முதலில் ஆளைச் சாப்பிட வைப்பார்கள். சேதி காதில் விழுந்துவிட்டால் தலைமுழுகும் வரை வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. வைக்கவும் முடியாது. அதனால் சேதி கொண்டு வந்தவர் தின்னவும் குடிக்கவும் விட்டுவிட்டு, கை கழுவிய பிறகுதான் வாய் திறப்பார். பிறகு கட்டிப்பிடித்து அழ ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் மிச்சம் நான் ஒருத்திதான்.

அந்த ஊர்க்காரர் தோட்டத்துப் பெயரையும் கங்காணி பெயரையும் சொன்னார். கண்டி டவுனிலிருந்து அம்பிட்டியப் பக்கம் ஏற வேண்டும் என்றார். நான் மனசில் போட்டு வைத்தேன். போக வழி இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை. கப்பல் கொழும்பில் நிற்கும் என்று தெரிந்ததும் நினைத்தேன்.

கப்பல் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டது. காப்பிப் பீப்பா ஏற்ற இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் விடிய எடுத்துவிடும் என்றார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் ஓர் ஏஜெண்டு படகில் வந்தான். மறுநாள் கண்டிக்குப் போய்வர ஆள் சேர்த்தான். ரயில், குதிரை வண்டி, ஓட்டலில் சாப்பாடு எல்லாம் அவன் பொறுப்பு. பத்துப் பேர் சேர்ந்தார்கள். ஆயாமாரை அவன் கேட்கவில்லை.

எனக்கு ஏஜெண்டாக இருந்தவர் டோபி. கப்பலுக்கு அழுக்குத் துணி எடுக்க வந்த கொழும்புக்காரர், தமிழ் பேசினார். குழந்தைத் துணியைக் கொடுத்துக்கொண்டே, கண்டிக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா என்று கேட்டேன்.

"துரைசானிமார்தான் ஊரு பாக்கப் போவாங்கன்னு பாத்தா, ஆயாவும் கெளம்பியாச்சா?" என்றார்.

தங்கச்சி இருக்கிறாள், அம்மா செத்தது அவளுக்குத் தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை. துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். காலை ஏழு மணிக்கு ரயில். பதினொன்றுக்குக் கண்டி. அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் நடை, ஏற்றம். திரும்பும் ரயில் நாலு மணிக்கு. அதை விட்டால் மறுநாள்தான். அதில் வந்தால் எட்டு மணிக்குக் கொழும்பு, ஒன்பதுக்குக் கடைசிப் படகு. கரைக்கு வர அவர் படகிலேயே இடம் தருவதாகவும் சொன்னார்.

"ரெண்டு மணிக்கு மலையில இருந்து எறங்கத் தொடங்கிருங்க. தங்கச்சி அழுதாலும் எறங்கிருங்க."

எனக்கு எழுத்து பிந்தித்தான் வந்தது. அப்போது தெரியாது. ஆனால் மணி பார்க்கத் தெரியும். பால் நேரம் தவறக்கூடாது என்று துரைசானி கற்றுக்கொடுத்திருந்தார். கையில் கடிகாரம் கிடையாது. தோட்டத்தில் மணி அடிப்பார்கள், ஊரே அதைக் கேட்டுத்தான் நடக்கும் என்றார் டோபி. அது போதும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை. ஒன்றரை மணி நேரம். குழந்தையைத் தூங்க வைத்துக்கொண்டே அதைப் பங்கு போட்டேன். முதலில் அவள் சாப்பிட வேண்டும். பிறகு நான் சொல்ல வேண்டும். பிறகு அழ வேண்டும். அழுவதற்கு எவ்வளவு ஆகும் என்று தெரியவில்லை. அரை மணி என்று வைத்தேன். பிறகு அவள் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஈரத் தலையோடு விட்டு வரக்கூடாது. துவட்டிவிட நேரம் வேண்டும்.

துரைசானியிடம் கேட்டேன். குழந்தையை யார் பார்ப்பது என்றார். வேறு குடும்பத்தோடு வந்த தெலுங்கு ஆயா ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். அதற்குப் பதில் அவள் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளின் துணியை நான் சீமை வரை துவைக்க வேண்டும். துரைசானி போய்வரச் சொன்னார். பிறகு, கப்பல் காத்திருக்காது, நீ வராவிட்டால் உன் பெட்டியைக் கரையில் இறக்கிவிடுவார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அப்படிக் கரையில் நின்றுபோன ஆயாமாரை எனக்குத் தெரியும். போகும்போது குழந்தையின் பிஸ்கட்டில் எட்டை எடுத்துத் தங்கச்சிக்குக் கொடு என்றார்.

விடியலில் டோபியின் படகில் அழுக்கு மூட்டைகளோடு இறங்கினேன். அந்தப் பத்துப் பேரும் அதே ரயிலில் வந்தார்கள். அவர்கள் முதல் வகுப்பு. நான் மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் கோழிக்கூடையோடு ஒரு சிங்கள அம்மா. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். நாலு மணி நேரத்துக்கு அதுதான் பேச்சு. ரயில் குகைக்குள் போனபோது எல்லாரும் கூவினார்கள். நான் மடியில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்டியில் தூறல். ஸ்டேஷன் கடிகாரம் பதினொன்று காட்டியது. டோபி சொன்னது சரியாக இருந்தது. வழி கேட்டு நடந்தேன். எனக்கும் ஏரிக்கரை வழிதான். துரைமாரின் வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின. ஒருவர் தொப்பியைத் தூக்கினார். எனக்கா வேறு யாருக்குமா தெரியவில்லை.

ஏரி முடிந்ததும் ஏற்றம். கப்பலில் ஆடிய கால். அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் பங்களாத் தரையில் நடந்த கால். அடிக்கடி நின்றேன். மேலே போகப் போகப் பனி இறங்கியது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. எதிரில் காப்பி மூட்டையோடு மாட்டு வண்டிகள் வந்தன. வண்டிக்காரர்களிடம் தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். கையை மேலே காட்டினார்கள். நான் கேட்ட எல்லாரும் மேலேதான் காட்டினார்கள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கங்காணியைப் பார்த்துக் கும்பிட்டேன். கோட்டு போட்டு, குடை பிடித்துக்கொண்டு நின்றார். யார் என்ன என்று சொன்னேன். தங்கச்சியைக் கொஞ்ச நேரம் வெளியே விட வேண்டும் என்று கேட்டேன்.

"சொந்தம் கொண்டாடுறதுன்னா நெரையில நின்னே கொண்டாடட்டும். இன்னிக்கு ஒரு கையையும் வெளிய விடமுடியாது," என்றார்.

நெரை என்பது ஓர் ஆளுக்குக் கொடுத்த செடி வரிசை. தங்கச்சி சரிவில் நாலாவது நெரையில் நின்றாள். தலையில் கம்பளி, இடுப்பில் சாக்கு. நான் கிட்டத்தில் போய் நின்றும் நிமிரவில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன்.

பார்த்தாள். "அக்கா, குண்டாயிட்ட," என்றாள். பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே பழம் பறித்தாள். கங்காணி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் செடியில் நோய். இலைக்கு அடியில் மஞ்சளாகப் பொடி. தொட்டால் கையில் ஒட்டியது. இலை உதிர்ந்து குச்சியாக நின்ற செடிகள் நிறைய. பழம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். சாக்கு பாதிகூட நிறையவில்லை. அளவு குறைந்தால் அரைப்பேர்தான் போடுவார்கள், அரை நாள் வேலை செய்ததாக. அதனால் அவளால் நிற்க முடியாது. நானும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிர்ப் பக்கம் நின்று பறித்தேன். பறித்ததை அவள் சாக்கில் போட்டேன். இலைக்கு நடுவில் அவள் முகம் தெரியும், மறையும்.

சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், பழத்தை அளந்து கொடுத்துவிட்டு வந்துதான் சோறு என்றாள். நெரை முனையில் சட்டியை இலை போட்டு மூடி வைத்திருந்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை நீட்டினேன்.

"கையெல்லாம் பொடி. அப்புறம் திங்கிறேன்."

வாயில் வைக்கிறேன் என்றேன்.

"வேணாங்க்கா. இருக்கட்டும்."

ஒன்றே ஒன்று என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"தின்னு தின்னுன்னு அம்மா மாதிரியே நிக்கிற. அம்மா எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றேன்.

அந்தப் பொய் சாப்பாடு வரைக்கும்தான் என்று நினைத்தேன். மணி அடித்து, அளந்து, அவள் சோற்றைத் தின்னட்டும். என் கணக்கில் இன்னும் நேரம் இருந்தது. பொட்டலத்தை அவள் மடியில் செருகிவிட்டேன். சீமைக்குப் போவதைச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அவள் அந்தக் காட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. லயத்தில், அவர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டில், மழை ஒழுகுகிறது என்றாள். ஊரில் எங்கள் புளியமரம் நிற்கிறதா என்றாள். நிற்கிறது என்றேன். அது நிஜம்.

மணி அடித்தது.

இது எத்தனை மணி என்று கேட்டேன். இரண்டு என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்படியானால் நான் ஏறி வர இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. கால்தான் காலை வாரிவிட்டது என்று நினைத்தேன். அவள் சாக்கைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டாள். எல்லாரும் மேலே ஓடினார்கள். அளக்கும் இடம் மேலே ஸ்டோருக்குப் பக்கத்தில். பிந்தினால் கடைசியில் நிற்க வேண்டும். என் வழி கீழே.

அவள் அளந்து, திரும்பி வந்து, சாப்பிட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். எனக்கு அது இல்லை. போகணும் என்றேன். அவள் முகம் சுருங்கியது. ஆனால் தடுக்கவில்லை. மணிக்கு நடக்கிறவளுக்கு அது தெரியும்.

"காப்பி முடிஞ்சதும் மாசியில ஊருக்கு வரேன்க்கா. கங்காணிகிட்ட கேட்டாச்சு. அம்மாவப் பாத்துட்டு வந்துருவேன். அம்மாவுக்கு எழுதிப் போடு, நான் வரேன்னு."

எப்படி வருவாய் என்றேன். வந்த வழிதான், நடந்துதான் என்றாள். அவள் வயிறு காலி, தலையில் பாரம். நான் சொல்லவில்லை. எழுதிப் போடுறேன் என்றேன். அவள் சாக்கைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் நெற்றியை என் தோளில் ஒரு தடவை வைத்தாள். பிறகு ஏறினாள்.

நான் இறங்கினேன். சில இடத்தில் ஓடினேன்.

ஸ்டேஷன் கடிகாரம் இரண்டேகால் காட்டியது.

நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். முள் நகர்ந்தது. டிக்கட் கொடுக்கும் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே இருந்த கிளார்க்கு யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பு ரயில் போய்விட்டதா என்று கேட்டேன்.

"கோச்சி நாலு மணிக்குத்தானே. இன்னும் நேரம் கிடக்கு. இருங்கோ," என்றார்.

தோட்டத்தில் இரண்டு மணி அடித்த பிறகுதான் புறப்பட்டேன் என்றேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஓம், அந்தத் துரை மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வச்சிருக்கிறார். இருட்டோட ஆக்களை மலையில இறக்கத்தான். அங்க ரெண்டெண்டா இங்க ஒண்டு."

தங்கச்சிக்கு அது தெரியாது. ஆறு வருஷம் அவளுக்கு அந்த மணிதான் மணி. எனக்கும் தெரியாது. ஒன்றரை மணி நேரத்தில் அரை மணிதான் அவளோடு நின்றிருக்கிறேன். மிச்ச ஒரு மணி நேரம் மலையில் இருந்தது. அவள் இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பாள்.

வெளியே வந்தேன். ஏரிப் பக்கம் போகும் ரோட்டில் வேகமாக நடந்தேன். கொஞ்ச தூரம் போய் நின்றேன். ஏற ஒன்றரை, இறங்க ஒன்றேகால். எப்படிப் போட்டாலும் நாலு மணி தாண்டியது. என் பெட்டி கரையில் இருப்பதையும் நினைத்தேன். குழந்தை தெலுங்கு ஆயாவின் கையில் அழுவதையும் நினைத்தேன். ரோட்டோரத்தில் நின்றேன். மழை பலத்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. அந்தச் சேதி இன்னும் என்னிடமே இருந்தது. விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அவளுக்கு அம்மா இருப்பதாகவே இருக்கட்டும். பிறகு மாசி ஞாபகம் வந்தது. இல்லாத அம்மாவைப் பார்க்க அவள் அந்தக் காட்டு வழியே நடப்பாள். புருஷனைப் புதைத்த வழி.

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். ஒரு கடுதாசி எழுதித் தர முடியுமா என்று கிளார்க்கைக் கேட்டேன். ரயிலுக்கு ஆள் இன்னும் வரவில்லை. தாள் எடுத்தார். சொல்லுங்கோ என்றார்.

தங்கச்சிக்கு அல்ல, முதலில் கணக்கப்பிள்ளைக்கு எழுதுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். பிரட்டையும் வெறும் வயிற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"கணக்கப்பிள்ளை ஐயாவுக்குக் கும்பிடு. இதப் பிரட்டுல படிக்காதீங்க. அவ சாப்பிட்டு கை கழுவுன பெறகு, தனியாக் கூப்பிட்டுப் படிங்க. பக்கத்துல ஒரு பொம்பளைய நிறுத்திக்கங்க."

அவர் எழுதி வாசித்துக் காட்டினார். அவர் எழுத்தில் அது வேறு மாதிரி, பெரிய மனுஷத் தமிழாக இருந்தது. சரி என்றேன். அதற்குக் கீழே தங்கச்சிக்கு மூன்று வரி. அம்மா ஆடியில் போய்விட்டாள். கஷ்டப்படாமல் போனாள். நீ மாசியில் வர வேண்டாம். என் பேரைப் போடட்டுமா என்றார். அக்கா என்று போடுங்கள் என்றேன். தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

"நேர சொல்லேலாமப் போச்சு, என்ன," என்றார்.

ஆமாங்க என்றேன்.

மூன்றே முக்காலுக்கு அந்தப் பத்துப் பேரும் வந்தார்கள். ஒரு துரைசானி கையில் பூச்செடி. சிரித்துக்கொண்டு ஏறினார்கள். ரயில் நாலு மணிக்கு எடுத்தது. கடைசிப் படகுக்கு முன் படகையே பிடித்துவிட்டேன். குழந்தை என்னைப் பார்த்ததும் கையை நீட்டியது. தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று துரைசானி கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். தெலுங்கு ஆயா தன் பிள்ளைகளின் துணியை ஒரு மூட்டையாகக் கட்டி என் படுக்கை மேல் வைத்திருந்தாள்.

சீமையில் இரண்டு வருஷம் இருந்தேன். திரும்பிய கப்பல் கொழும்பில் நிற்கவில்லை. அதற்குள் காப்பி முழுக்க அழிந்துகொண்டிருந்தது, ஆட்கள் வேறு வேறு மலைகளுக்குப் போய்விட்டார்கள் என்று கப்பலில் பேசிக்கொண்டார்கள். கடுதாசியைக் கணக்கப்பிள்ளை எந்த நேரத்தில் படித்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊருக்குப் போனதும் பக்கத்து வீடுகளில் கேட்டேன். கண்டியிலிருந்து யாராவது வந்தார்களா என்று. அந்த மாசியில் யாரும் வரவில்லை என்றார்கள். அடுத்த மாசியிலும் வரவில்லை என்றார்கள். கடுதாசி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.